விடுதியில் ஒட்டிக்கொள்ள முதல் மூன்று வாரங்கள்

மாணவர் விடுதியில் 'இது நம்ம இடம்' என்ற உணர்வு தானாக வந்துவிடாது. தினமும் யார் கண்ணில் படுகிறோம் என்பதைப் பொறுத்தே வரும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் உளவியலாளர் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் நடத்தி 1950-இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த வீட்டாரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் சுமார் 41 சதவீதம். அதே தளத்தின் மறுகோடியில் இருந்தவரைச் சொன்னவர்கள் சுமார் 10 சதவீதம்தான். மாடிப்படி அருகே குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கிடைத்தார்கள்.

ஆகவே உங்கள் அறை கோடியில் இருந்தால், மாலையில் ஒரு மணி நேரமாவது பொது அறையில் உட்கார்ந்து படியுங்கள். அறையில் இருக்கும்போது கதவைத் திறந்து வையுங்கள். தட்டை அறைக்குள் கொண்டுபோய்த் தனியே சாப்பிடும் பழக்கத்தை மட்டும் தொடங்கவே வேண்டாம். பிறகு அதை விடுவது மிகவும் கஷ்டம்.

அறைத்தோழரோடு விளக்கணைக்கும் நேரம், அலாரம், விருந்தினர், பாத்திரம் நான்கையும் முதல் வாரமே பேசி எழுதிக்கொள்ளுங்கள். 'சுத்தமா வச்சுக்கலாம்' என்பது நிற்காது, ஆளுக்கொரு அர்த்தம். 'சாப்பிட்ட தட்டு அன்றிரவே கழுவப்படும்' என்பது நிற்கும். மூன்றாம் வாரம் உட்கார்ந்து திருத்துங்கள். குறையை நேரில், தனியாகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அவருக்கு எல்லார் முன்னும் தலைகுனிவு. அப்புறம் பொது அறைப் பக்கமே வரமாட்டார்.