ஸ்கஃபிள்: எந்தச் சண்டையைச் சொல்கிறது, தமிழில் எப்படி எழுதுவது?

ஆங்கிலச் செய்தியில் 'ஸ்கஃபிள்' என்று வந்ததும் பலரும் 'மோதல்' என்று எழுதிவிடுகிறார்கள். மோதல் என்றால் கல்வீச்சு முதல் துப்பாக்கிச்சூடு வரை எதுவாகவும் இருக்கலாம். ஸ்கஃபிள் அவ்வளவு பெரியதல்ல. முன்கூட்டித் திட்டமிடாமல் மூண்டு, சட்டையைப் பிடித்து, நெட்டித் தள்ளி, சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும் சண்டை அது. 'தள்ளுமுள்ளு' என்பதே சரியான சொல்.

சொல்லின் வேரும் தள்ளுவதுதான். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். ஸ்வீடிஷில் 'ஸ்குஃபா' என்றால் தள்ளு. ஆங்கிலத்தின் 'ஷவ்' அதன் உறவுச்சொல். கடைசியில் வரும் 'இல்' ஒலியையும் கவனியுங்கள். 'ரெஸ்ல்' (மல்லுக்கட்டு), 'க்ராக்ல்' (சடசடவென ஒலி) போன்ற வினைகளில் அது ஒரு செயல் திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டும்.

எழுதுமுன் அடி விழுந்ததா என்று பாருங்கள். குத்து, அறை என்று செய்தியிலேயே இருந்தால் 'கைகலப்பு' என்று எழுதலாம். கத்தியோ கட்டையோ வந்துவிட்டால் ஆங்கில நிருபரே ஸ்கஃபிள் என்று குறைத்து எழுதியிருக்கிறார்; அங்கே 'தாக்குதல்' என்பதே நேர்மை. வெறும் வசவு மட்டுமென்றால் 'வாய்த்தகராறு'.

'ஸ்கஃபிள் ப்ரோக் அவுட்' என்பதற்கு 'தள்ளுமுள்ளு வெடித்தது' வேண்டாம், 'ஏற்பட்டது' போதும். அதைவிடப் பெரிய பிழை, யார் தொடங்கினார்கள் என்பதை நாமே முடிவு செய்வது. 'போராட்டக்காரர்களுக்கும் போலீசாருக்கும் இடையே தள்ளுமுள்ளு' என்ற செய்தி, 'போராட்டக்காரர்கள் போலீசாரைத் தள்ளினர்' என்று மாறினால் ஒரு தரப்பின் மேல் பழி விழுகிறது. மூலத்தில் 'பிட்வீன்' இருந்தால் தமிழில் 'இடையே' இருந்தே ஆக வேண்டும்.

'அஃப்ரே' என்று வந்தால் இன்னும் கவனம் தேவை. அது சட்டச்சொல். இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பொது இடத்தில் சண்டையிட்டு அமைதியைக் குலைத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் வரும். ஒரு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 159, 160-ஆம் பிரிவுகள்; அபராதம் 100 ரூபாய் வரை. வீட்டுக்குள் நடந்த தள்ளுமுள்ளு இதில் சேராது.

'டானிபுரூக்' என்ற ஆங்கிலச் சொல் ஸ்கஃபிளுக்கு நேர் எதிர்க்கோடி. அயர்லாந்தின் டப்ளினுக்கு அருகே 1204-இல் அனுமதி பெற்று 1855 வரை நடந்த சந்தையின் பெயர் அது. அங்கே நடந்த குடிச்சண்டைகளால் பெரும் ரகளைக்கே பெயராகிவிட்டது.

தோட்டக்கலை நூலில் 'ஸ்கஃபிள் ஹோ' என்று வந்தால் சண்டையைத் தேடாதீர்கள். அது டச்சு மொழியின் 'ஸ்கொஃபல்' வழியாக வந்த வேறொரு சொல். மண்ணைக் கொத்தாமல், மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே தள்ளியும் இழுத்தும் களையின் வேரை அறுக்கும் நீண்ட பிடிக் கருவி.