சர்க்கரை பார்க்கிறதுக்கு முன்னாடி கையைக் கழுவுங்க

போன தை மாசம் கவுந்தப்பாடிப் பக்கத்துல இருந்து ஒரு ஆலைக்காரர் விடியக்காலம் அஞ்சே முக்காலுக்குப் போன் பண்ணினார். "அம்மிணி, வெறும் வயித்துல முன்னூத்திப் பன்னெண்டு காட்டுது. மாத்திரை ஒண்ணு சேர்த்துப் போட்டுக்கட்டுமா?"

"ஒண்ணும் போடாதீங்க பெரியப்பா, இதோ வந்துர்றேன்"னு வண்டியை எடுத்தேன். பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போற ஊர் அது. ராத்திரி முழுக்கக் கரும்புப் பாகு காய்ச்சுற கொப்பரைகிட்ட நின்னவர், சர்க்கரையை உதிர்த்த கையோடவே விரலைக் குத்தியிருக்கார். நகக்கண்ணுல பழுப்பா ஒட்டியிருந்தது எனக்கே தெரிஞ்சது. வாசல் குழாயில சோப்புப் போட்டுக் கழுவி, துண்டுல ஈரம் போகத் துடைச்சுட்டு, அதே மீட்டர்ல திரும்பப் பார்த்தோம். 138.

அவர் அந்த மாத்திரையைப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கு நெனச்சாலும் எனக்குப் பதறுது.

நான் கோபிச்செட்டிபாளையத்துல லேப் டெக்னீசியன். தோட்டத்து வீடுகளுக்கு, நாங்க சொல்ற சாளைகளுக்கு, நேரா போய் ரத்தம் எடுக்கிறதுதான் பதினாலு வருஷமா என் வேலை. கொரோனாவுக்கு முன்னாடி காலையில நாலு வீடு இருந்தாப் பெருசு. 2021 மே மாசம் வீட்டுலயே பார்க்கிற கொரோனா கிட்டுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) அனுமதி கொடுத்துச்சு. அதே வருஷம் ஆகஸ்டுல தமிழ்நாடு அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஆரம்பிச்சு, வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்தாங்க. சனங்களுக்கு அது பழகிப்போச்சு. இப்ப சின்ன ஊர் மெடிக்கல்லயும் மீட்டர் கிடைக்குது. எப்படிப் பார்க்கணும்னு சொல்லித்தரத்தான் ஆளில்லை. அதனால எழுதறேன்.

சர்க்கரையில இருந்தே தொடங்குறேன். வெறும் வயிறுன்னா எட்டு மணி நேரம் தண்ணியைத் தவிர எதுவும் உள்ள போயிருக்கக் கூடாது. "காப்பி மட்டும்தானுங்க குடிச்சேன்"னு சொல்றவங்கதான் நம்ம பக்கம் அதிகம். பால் கறந்த கையோட குடிச்ச அரை டம்ளர் காப்பியும் கணக்குதான். சாப்பிட்ட பிறகு பார்க்கிறதா இருந்தா, முதல் வாய் வெச்ச நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரம் எண்ணுங்க. கை கழுவின நேரத்துல இருந்து இல்லை.

விரல் நுனியோட ஓரத்துல குத்துங்க. நடுவுல குத்தினா வலி அதிகம். ரத்தம் வரலைன்னு விரலைப் பிழியக் கூடாது. பிழிஞ்சா தசையில இருக்கிற நீரும் கலந்து வந்து கணக்கு மாறும். கையைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையில இருந்து விரல் பக்கமா மெதுவா நீவிவிட்டாப் போதும். காட்டுல நிக்கறப்ப கழுவத் தண்ணி இல்லைன்னா, முதல் சொட்டைத் துடைச்சுட்டு ரெண்டாவது சொட்டுல பாருங்க.

ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்ட்ரிப்பை எடுத்தவுடனே டப்பாவை மூடிடுங்க. ஈரக்காத்து பட்டாலே ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். நாலு ஸ்ட்ரிப்பை மட்டும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு மடியில கட்டிக்கிட்டுப் போற பெரியவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். டப்பாவோட கொண்டு போங்க.

ஊசி ஒரு ஆளுக்கு ஒண்ணு, ஒரு தடவைக்கு ஒண்ணு. இதுல மட்டும் நான் கறாராப் பேசுவேன். ஒரு நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, சொந்தக்காரங்க எல்லாம் கூடின வீட்டுல, "எனக்கும் பாரு, எனக்கும் பாரு"ன்னு ஒரே ஊசியில ஆறு பேர் குத்திக்கிட்டதை என் கண்ணால பார்த்தேன். மஞ்சக்காமாலை பி கிருமி அந்த ஒரு துளியில பரவும். சொந்தம், பந்தம்னு கிருமி பார்க்காது. குத்தின ஊசியைக் கெட்டியான பாட்டில்ல போட்டு மூடி வெச்சு, லேப்லயோ ஆஸ்பத்திரியிலயோ கொடுத்துடுங்க. குப்பையோட போட்டா, அதைக் கையால பிரிக்கிற தூய்மைப் பணியாளர் விரல்ல அது ஏறும்.

மீட்டர்ல வர்ற எண்ணும் லேப்ல வர்ற எண்ணும் ஒண்ணா இருக்காது. நல்ல மீட்டரே நூத்துக்குப் பதினஞ்சு முன்னப்பின்ன காட்டலாம். அதனால வெறும் வயித்துல 126-க்கு மேல காட்டினா "சர்க்கரை வந்துருச்சு"ன்னு நீங்களே முடிவு கட்டாதீங்க, லேப்ல ரத்தம் கொடுத்து உறுதிப்படுத்துங்க. ஆனா 70-க்குக் கீழ காட்டினா யோசிச்சுட்டு நிக்க வேண்டாம். மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிச்சுட்டு, பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாருங்க. நெனவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-க்குக் கூப்பிடுங்க.

அடுத்தது பிரஷர். மணிக்கட்டுல கட்டறது வேண்டாம், மேல்கையில கட்டற மெஷினா வாங்குங்க. பட்டை உங்க கை சுத்தளவுக்குச் சரியா இருக்கணும். கயித்துக் கட்டில்ல காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பார்த்தா எண்ணு ஏறித்தான் வரும். முதுகுக்குச் சாய்மானம் இருக்கிற நாற்காலி, பாதம் ரெண்டும் தரையில, கை மேசை மேல நெஞ்சு உயரத்துக்கு. சட்டைக் கை மேல கட்டக் கூடாது. காப்பியோ பீடியோ முடிச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கணும். ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, அஞ்சு நிமிஷம் பேசாம உட்காருங்க. பேசாமன்னா பேசாமதான், வாசல்ல நிக்கிறவருக்கு வயலுக்குத் தண்ணி விடற முறை சொல்லிக்கிட்டே பார்த்தா அது கணக்கில்லை.

ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை பாருங்க. காலையில மாத்திரைக்கு முன்னாடி, சாயங்காலம் பொழுதோட ஒரு தடவை, இப்படி ஏழு நாள். முதல் நாளை விட்டுட்டு மத்த நாள் சராசரி 135/85-க்கு மேல போனா டாக்டர்கிட்டப் போங்க. 180/120-ஐத் தாண்டினா அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாருங்க. இறங்கலைன்னா அன்னைக்கே டாக்டர். கூடவே நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ திரும்பப் பார்த்துக்கிட்டு நேரத்தை விடாதீங்க, உடனே 108.

எண்ணை மட்டும் எழுதாதீங்க. என்கிட்ட வர்றவங்களுக்கு நாப்பது பக்க நோட்டு ஒண்ணு கொடுத்து, முதல் வரியை நானே எழுதித் தருவேன்: "காலை 6.10, வெறும் வயிறு, கை கழுவினது, 131." நேரமும் நிலையும் இல்லாத எண்ணை வெச்சு எந்த டாக்டராலயும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

வீட்டுக்கு ஆள் வந்து ரத்தம் எடுத்தா ரெண்டு விஷயத்தைக் கேளுங்க. உங்க பேரை டியூப்ல உங்க கண்ணு முன்னாடியே எழுதச் சொல்லுங்க. சர்க்கரைக்கு எடுக்கிற ரத்தம் சாம்பல் மூடி டியூப்ல போகுதான்னு பாருங்க. சாதா டியூப்ல விட்டா, ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்னுக்கிட்டே இருக்கும். மணிக்கு அஞ்சாறு சதவீதம் இறங்கும். மூணு மாசச் சர்க்கரைச் சராசரி பார்க்க ஊதா மூடி. எண்பது டெஸ்ட், தொண்ணூறு டெஸ்ட்னு விக்கிற மொத்தப் பேக்கேஜ் எனக்குச் சம்மதமில்லை. டாக்டர் எழுதினதை மட்டும் எடுங்க, மீதிக் காசுல நல்ல மேல்கை மெஷின் வாங்கலாம்.

காய்ச்சலுக்கு வீட்டுல கிட் தேடாதீங்க. டெங்குவுக்கு, கிருமியோட புரதத்தைத் தேடுற என்எஸ்1 டெஸ்ட் முதல் அஞ்சு நாள்லதான் நல்லாப் பிடிக்கும். அதுக்கப்புறம் உடம்பு உண்டாக்குற எதிர்ப்பொருளைத் தேடுற ஐஜிஎம் டெஸ்ட் பார்க்கணும். எங்கம்மாவுக்கு ஏழாவது நாள் என்எஸ்1 மட்டும் எடுத்துட்டு "இல்லை"ன்னு ரிப்போர்ட் கொடுத்தாங்க ஒரு இடத்துல. காய்ச்சலும் விட்டிருந்தது, நாங்களும் நிம்மதியானோம். மறுநாள் வயித்து வலியும் வாந்தியுமா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். டெங்குவுல காய்ச்சல் இறங்குற அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் கண்டம். விடாத வயித்து வலி, வாந்தி, பல் ஈறுல ரத்தம், சோர்ந்து தூங்கி விழறது, ஒண்ணுக்குக் குறையறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அட்மிட் ஆகணும். பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை போடாதீங்க.

வீட்டுல யாருக்காவது காய்ச்சல் வந்தா, அன்னைக்கே தேதிக் காலண்டர்ல அந்த நாளைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு வெச்சுடுங்க. ரத்தம் எடுக்க என்னைக் கூப்பிட்டா, முதல்ல நான் கேக்கிறது அந்தத் தேதியைத்தான்.