தோட்டச் சாலைகளிலிருந்து கோட்டுருவியலைத் தொடங்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கணினி அறிவியல் படிக்கச் செல்லும் மாணவர்கள், எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) கணக்குகளைப் போலவே தனிநிலைக் கணிதத்திலும் (தனித்தனியாக எண்ணக்கூடிய பொருள்களின் கணிதம்) சூத்திரத்தில் எண்களை இட்டு விடை காணலாம் என்று எண்ணுவதுண்டு. இங்கே விடையைவிட அதற்கான காரணமே பெரிது. ஆகவே தர்க்கக் குறியீடுகளை மனப்பாடம் செய்யுமுன் ஒரே ஒரு நிரூபணத்தையாவது முழுமையாக எழுதிப் பழகுவது நல்லது. அதற்கு, புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமான கோட்டுருக்களை ஆராயும் கோட்டுருவியலே எளிய வாசல் என்பது என் கருத்து.

தோட்ட அலுவலகம், கோயில், பள்ளி, லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) ஆகியவற்றுக்கு நான்கு புள்ளிகள் இடுங்கள். கோயிலையும் பள்ளியையும் ஒரு கோட்டால் இணைத்து, அலுவலகத்திலிருந்தும் லயத்திலிருந்தும் அவ்விரண்டுக்கும் தனித்தனிக் கோடுகள் வரையுங்கள். புள்ளியை முனை என்றும் கோட்டை விளிம்பு என்றும் அழைப்போம்; ஒரு முனையில் சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை அதன் படி. சாலையின் நீளமும் வளைவும் இங்கே தேவையில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி, ஐந்து சாலைகளிலும் தலா ஒரு முறை மட்டுமே ஓடி முடிக்க இயலுமா?

கோயில், அலுவலகம், பள்ளி, கோயில், லயம், பள்ளி என்று சென்றால் இயலும். ஆனால் அலுவலகத்தில் தொடங்கினால் ஏன் ஒருபோதும் இயலாது? இடையில் வரும் முனையை லோரி கடக்கும்போதெல்லாம் நுழைய ஒன்றும் வெளியேற ஒன்றுமாக இரண்டு சாலைகள் செலவாகின்றன. எனவே ஒற்றைப்படி முனை, அதாவது படி ஒற்றை எண்ணாக உள்ள முனை, பயணத்தின் தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருக்க முடியும். இங்கே கோயிலும் பள்ளியும் மூன்று படி கொண்டவை; ஆகவே தொடக்கமும் முடிவும் அவை இரண்டே, அலுவலகத்துக்கு இடமில்லை. கணித அறிஞர் ஆய்லர் 1736ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆராய்ந்த கோனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களில், நான்கு நிலப்பகுதிகளின் படிகளும் 5, 3, 3, 3 என ஒற்றையாக இருந்தமையால், ஒவ்வொரு பாலத்தையும் ஒரு முறை மட்டும் கடக்கும் நடை இல்லை.

மாணவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இதன் மறுதலையில், அதாவது கூற்றைத் திருப்பிச் சொல்லும்போதுதான். ஒற்றைப்படி முனைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் வழி இல்லை என்பது ஒரு கூற்று. இணைந்த கோட்டுருவில் (எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் செல்லக்கூடியதில்) அவை இரண்டோ சுழியமோ ஆனால் வழி உண்டு என்பது தனியாக நிரூபிக்க வேண்டிய மற்றொரு கூற்று. பின்னதற்குக் கணித அறிஞர் ஹியர்ஹோல்சரின் முழு நிரூபணம் 1873இல்தான் வெளிவந்தது. எல்லாப் படிகளும் இரட்டையானால், ஏதேனும் ஒரு முனையிலிருந்து பயன்படாத விளிம்புகளில் நடந்துகொண்டே இருங்கள். தொடங்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் சிக்கிக்கொள்ள மாட்டீர்கள். விளிம்புகள் மிஞ்சினால், நடந்த சுற்றின்மேல் உள்ள, மிச்ச விளிம்புடைய முனையொன்றிலிருந்து புதிய சுற்றைத் தொடங்கி, பழையதன் நடுவே செருகுங்கள்.

இந்த நிரூபணமே நிரலுமாகும் என்பதால் அதை பைத்தான் நிரல்மொழியில் எழுதிப் பாருங்கள். பிறகு, ஒற்றைப்படி முனைகள் இரண்டு இருக்கும்போது அவற்றுக்கிடையே கற்பனை விளிம்பொன்றைச் சேர்த்து, அதே முறையால் பாதை கிடைப்பதை நீங்களே நிரூபியுங்கள்.