கிரேக்க மரணச் சிந்தனை: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

வாசிப்பு வட்டத்திற்குப் புதிதாக வருபவர்கள் பெயர்களைத் தவறாக உச்சரிப்பதும் நூற்றாண்டுகளை மாற்றிச் சொல்வதும் நாளடைவில் தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்பவை நானும் ஒருகாலத்தில் செய்த பிழைகள்.

எபிக்யூரஸைத் துக்க வீட்டிற்கு அழைத்துச் செல்வது

நன்மையும் தீமையும் உணர்வில்தான் இருக்கின்றன, மரணமோ உணர்வின் இழப்பு, ஆகவே மரணம் நமக்கு ஒன்றுமில்லை என்று கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸ் (கி.மு. 341–270) தம் மாணவர் மெனோக்கியஸுக்கு எழுதிய மடலில் வாதிடுகிறார். இதைப் படித்த புதிதில், தந்தையை இழந்த நண்பனிடம் ஆறுதல் என்று நினைத்து அப்படியே ஒப்பித்தேன். “அப்பாவுக்கு ஒன்றுமில்லை, சரி. எனக்கு?” என்று கேட்டவன், அதன்பின் ஓராண்டு என்னிடம் பேசவில்லை.

அவன் கேட்டது முற்றிலும் சரி. அந்த வாக்கியத்திலுள்ள ‘நமக்கு’ என்ற சொல் இறப்பவரை மட்டுமே குறிக்கிறது. இறந்துபோன நிலை, இறக்கும் நேரத்து வேதனை, பிரிந்தவரை எண்ணி வாடும் உற்றாரின் துயரம் ஆகிய மூன்றும் வேறு வேறு. வாதம் முதலாவதைப் பற்றியது. ஆனாலும் மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, கிரேக்கர்கள் கல்நெஞ்சர்கள் என்று முடிவுகட்டும் கட்டுரைகளை இன்றும் எரிச்சலோடுதான் திருத்துகிறேன்.

எபிக்யூரஸ் இறந்த விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். சிறுநீரகக் கல்லால் பதினான்கு நாள் துன்புற்று மாண்ட அவர், இறுதி நாளில் தம் நண்பர் இடோமெனியஸுக்கு எழுதிய மடலில், வலி இதற்குமேல் கூட முடியாத அளவில் இருப்பதை மறைக்காமல், நண்பர்களோடு உரையாடிய நினைவின் மகிழ்ச்சியை அதற்கு எதிராக நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு, மறைந்த நண்பர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறார். மாதந்தோறும் இருபதாம் நாளில் தம்மையும் மெட்ரோடோரஸையும் நினைத்துக் கூடவேண்டும் என்று உயிலிலும் எழுதிவைத்தார். மரணம் ஒன்றுமில்லை என்றவர் இப்படி எழுதிவைத்தது முரண்பாடு என்று ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ குத்திக்காட்டினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனெனில் அந்தக் கூட்டம் இருப்பவர்களுக்கானது.

‘சைக்கே’ என்றாலே ஆன்மா என்று எழுதுவது

‘சைக்கே’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘ஆன்மா’ என்ற மொழிபெயர்ப்பு பிளேட்டோவிடம் ஓரளவு பொருந்தினாலும், அரிஸ்டாட்டிலிடம் வழுக்கிவிடுகிறது. கண் ஓர் உயிரினமாக இருந்தால் பார்வையே அதன் சைக்கே என்கிறார் அவர். கண் அழிந்தபின் பார்வை வேறோர் உடலைத் தேடிப் போவதில்லை. ‘உயிர்’ என்பதே அவருக்கு நெருக்கம். சைவ சித்தாந்த நூல்கள் படித்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

முதுமையைத் தத்துவத்திற்கு வெளியே தள்ளுவது

உடலின் இயற்கை வெப்பம் மெல்லக் குன்றி, எரிபொருள் தீர்ந்த நெருப்பைப் போல அணைவதே முதுமைச் சாவு என்று அரிஸ்டாட்டில் தனிச் சிறுநூலிலேயே விளக்கியிருக்கிறார்.

சாக்ரட்டீஸுக்கு மறுமை உறுதி என்பது

நீதிமன்றத்தில் சாக்ரட்டீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய ‘அப்பாலஜி’யில் அவர், கனவற்ற உறக்கம் அல்லது வேறோர் இடத்திற்குப் பெயர்தல் என இரண்டு வாய்ப்புகளை வைத்து நிறுத்திக்கொள்கிறார்.

ஹெராக்ளைட்டஸின் பிண வாக்கியம்

சாணத்தைவிடப் பிணங்களே எறியத்தக்கவை என்பது, சாக்ரட்டீஸுக்கு முந்தைய இந்தத் தத்துவஞானியின் அழிந்துபோன நூலிலிருந்து எஞ்சிய ஒற்றைத் துண்டு. அதன்மேல் கோட்டை கட்டாதீர்கள்.