தொடக்கப் புள்ளியைத் திருத்தியதும் பொருந்திய மூளைப் படங்கள்: என் அனுபவம்

வேலூரில் முதியவர்களிடம் எடுத்த எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எம்ஆர்ஐ) படங்களை, மூளைப் படங்களை ஆராயும் எஸ்பிஎம் மென்பொருளில், பலரின் மூளைப் படங்களைச் சராசரியாக்கிய பொது மாதிரியான எம்என்ஐ152 வார்ப்புருவோடு பொருத்தியபோது, பெரும்பாலானவை சரியாக அமைய, சிலருடைய மூளை மட்டும் பின்னோக்கிச் சாய்ந்து, சிறுமூளை வார்ப்புருவின் எல்லைக்கு வெளியே நின்றது. இப்படியே குழுச் சராசரி எடுத்தால், ஒருவரின் பார்வைப் புறணி இன்னொருவரின் சிறுமூளையோடு கலந்துவிடும்.

காரணம் ஆயத்தொலைவுகளின் தொடக்கப் புள்ளியில் இருந்தது. அந்த வார்ப்புருவின் ஆயத்தொலைவு அமைப்பான எம்என்ஐ வெளியில் அது ஆன்டீரியர் கமிஷர் என்னும் நரம்பிழைக் கற்றையின் அருகே அமைகிறது. பொருத்தும் கணக்கு இருக்கும் நிலையிலிருந்து சிறிது சிறிதாகத் திருத்திச் செல்வதால், தொடக்கமே பல சென்டிமீட்டர் விலகியிருந்தால் தவறான இடத்தில் நிலைத்துவிடக்கூடும்.

மூளையின் கட்டமைப்பைக் காட்டும் டி1 எம்ஆர்ஐ படத்தின் நடுவெட்டில், ஃபார்னிக்ஸ் என்னும் வளைந்த நரம்பிழைக் கற்றையின் தூண்களுக்குச் சற்று முன்னால் நீள்வட்டமாக வெளுத்துத் தெரியும் ஆன்டீரியர் கமிஷரைத் தொடக்கப் புள்ளியாக்கி, தலையின் சாய்வையும் நிமிர்த்தினேன். அதே மாற்றத்தை அந்த நபரின் எல்லாச் செயல்பாட்டுப் படங்களுக்கும் கொடுப்பது கட்டாயம். இல்லையெனில் இரண்டும் பிரிந்துபோகும். பின்னர் செயல்பாட்டுப் படங்களை டி1 படத்தோடு இணைத்து, டி1 படத்தைத் திசு வகைகளாகப் பகுத்துக் கிடைத்த உருமாற்றத்தை அவற்றின் மீது செலுத்தியதும் சிறுமூளை உரிய இடத்தில் அமைந்தது.

ஒவ்வொருவர் படத்தின் மீதும் வார்ப்புருவின் விளிம்புக்கோட்டை வரைந்து கண்ணால் பார்ப்பதையே நான் பெரிதும் நம்புகிறேன். முதுமையில் விரிந்த வென்ட்ரிக்கிள்கள் எனப்படும் மூளையின் திரவ அறைகளின் ஓரத்தில் இன்னும் சிறு விலகல் உண்டு. அதற்கு எஸ்பிஎம்மிலுள்ள டார்ட்டெல் என்னும் பொருத்தல் முறையில் இக்குழுவுக்கென்றே ஒரு வார்ப்புரு உருவாக்கி வருகிறேன்.