பொரிப்பகத்திலிருந்து ஒருநாள் குஞ்சுகளை வரவழைத்தல்

பொரிப்பதற்குச் சற்று முன்னர் மஞ்சட்கருவின் எச்சம் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடுவதால், கோழிக்குஞ்சு ஏறத்தாழ 72 மணித்தியாலம் வரை தீனியும் நீருமின்றித் தாக்குப்பிடிக்கும். தொலைவிலுள்ள பொரிப்பகத்திலிருந்து மட்டக்களப்புக்குக் குஞ்சுப் பெட்டி வந்துசேர்வது இதனாலேயே இயலுகிறது. எனினும் அது கடைசி எல்லையே. 24 மணித்தியாலத்துக்குள் பெற்றுக்கொள்வதே நல்லது.

முன்பதிவு செய்யும்போது இனம், பொரிக்கும் நாள், மரெக்ஸ் என்னும் கோழி நோய்க்கான தடுப்பூசி ஏற்றப்பட்டதா என்பவற்றைக் கேட்டறியுங்கள். கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் இரவுப் பயணத்தையே வற்புறுத்துங்கள். ஒருமுறை நண்பகலில் வந்த பெட்டியின் காற்றுத் துளைகளை யாரோ அரிசி மூட்டையால் அடைத்திருந்தமையால், பதினொரு குஞ்சுகளை நான் இழந்தேன்.

பெட்டி வருவதற்கு முந்திய நாளே தரையில் உமி பரப்பி, மின்குமிழை எரியவிட்டு, குஞ்சுகளின் உயரத்தில் வெப்பம் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை நிற்கிறதா என்று பாருங்கள். பெட்டியைக் கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே திறந்து எண்ணுங்கள். பின்னர் ஒவ்வொன்றின் அலகையும் இளஞ்சூடான நீரில் மெல்லத் தொட்டு விடுங்கள்; தலையை உயர்த்தி விழுங்கினால் அது குடிக்கப் பழகிவிட்டது. சில மணித்தியாலம் கழித்தே தீனி.

வெப்பமானியைவிடக் குஞ்சுகளையே நான் நம்புவேன். குமிழின் கீழ் நெருக்கியடித்துக் கீச்சிட்டால் குளிர்; ஓரங்களுக்கு ஒதுங்கி வாய் திறந்து மூச்சுவாங்கினால் குமிழை உயர்த்துங்கள்.