கிண்டியில் ஒரு காலைப்பொழுது: பிள்ளைகளுடன் சென்னை வருவோருக்கு

விடுமுறைக்குத் தாயகம் வருகிற குடும்பங்களின் சென்னை நாட்கள் பெரும்பாலும் தியாகராய நகர்க் கடைகளிலும், உறவினர் வீட்டு விருந்துகளிலும், வங்கி, பத்திரப் பதிவு போன்ற அலுவல்களிலும் கழிந்துவிடுகின்றன. பிள்ளைகள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு பெரியவர்களின் பின்னால் வருகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு காலைப்பொழுதை ஒதுக்க விரும்பும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்லும் இடம் கிண்டி. வணிக வளாகங்களும் கேளிக்கைப் பூங்காக்களும் அவர்கள் வாழும் ஊரிலேயே இருக்கின்றன. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் பரந்து கிடந்த காட்டின் எஞ்சிய துண்டு ஒன்று, பல இலட்சம் மக்கள் வாழும் மாநகரின் நடுவே மான்களோடு இன்னும் நிற்பதைக் காண்பதற்கு அவர்கள் இங்கேதான் வர வேண்டும்.

கிண்டி என்ற பெயர் பல இடங்களைக் குறிப்பதால், வழி கேட்கும்போது தெளிவாகச் சொல்வது நல்லது. ரயில் நிலையமும் தொழிற்பேட்டையும் குதிரைப் பந்தய மைதானமும் ஒரு பக்கம் இருக்க, நாம் செல்ல வேண்டிய இடம் அங்கிருந்து அடையாறு நோக்கிப் போகும் சர்தார் பட்டேல் சாலையில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆட்டோ ஓட்டுநரிடம் “காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை” என்றால் யாருக்கும் குழப்பம் வராது. மெட்ரோவில் வருபவர்கள், விமான நிலையத்திலிருந்து செல்லும் அதே நீலத் தடத்தில் கிண்டியிலோ சின்னமலையிலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். பேருந்தில் வந்தால் காந்தி மண்டபம் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். கிண்டியிலிருந்து வரும் வாகனங்கள் அண்ணா பல்கலைக்கழகம் இருக்கும் எதிர்ப்பக்கத்தில்தான் நிற்கும். சாலையோ மிகுந்த போக்குவரத்து உள்ளது. எனவே சிறு குழந்தைகளும் முதியவர்களும் உடன் இருந்தால், ஓட்டுநரிடம் முன்னதாகவே பேசி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பூங்கா வாசலிலேயே இறக்கிவிடச் சொல்லுங்கள். அதற்காகக் கூடுதலாகக் கேட்கும் சிறு தொகையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

போவதற்கு முன் இடத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் ஏமாற்றம் இராது. கிண்டி தேசியப் பூங்கா என்பது ஏறத்தாழ 270 ஹெக்டேர் பரப்புள்ள காடு. இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்று. அதன் உட்பகுதிக்குள் வனத்துறையின் முன் அனுமதி இல்லாமல் எவரும் நுழைய முடியாது. பொதுமக்களுக்குத் திறந்திருப்பது காட்டின் விளிம்பில் அமைந்த சிறுவர் பூங்காவும், அதை அடுத்துள்ள பாம்புப் பண்ணையும், சற்றுத் தள்ளி இருக்கும் தலைவர்களின் நினைவிடங்களும் ஆகும். சிறுவர் பூங்கா அண்மையில் விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு 2024-இல் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், இருபது ஆண்டுகளுக்கு முன் பார்த்த நினைவோடு வருபவர்கள் பழைய ஊஞ்சலையும் சறுக்கையும் அதே இடத்தில் தேட வேண்டாம்.

காட்டின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சுருக்கமாகவேனும் சொல்லி அழைத்துச் செல்வது பயனுள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் மதராஸின் ஆங்கிலேய ஆளுநராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன் இங்கே ஒரு தோட்ட மாளிகை அமைத்தார். பிற்காலத்தில் அந்த வளாகமே ஆளுநர் மாளிகையானது. சுற்றியிருந்த காடு 1910-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு ஏறத்தாழ 500 ஹெக்டேர். விடுதலைக்குப் பிறகு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும் வேறு கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்கும் அதிலிருந்து நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. எஞ்சியதை மேலும் இழந்துவிடாமல் 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு வந்திராவிட்டால் இன்று அங்கே நாம் காண்பது அடுக்குமாடிக் கட்டடங்களாகவே இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஊர் திரும்புவதற்கு முந்தைய செவ்வாயன்று மூன்று தலைமுறையினரும் சேர்ந்து வந்து, பூட்டிய கதவின் முன் நின்று திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளுக்கு அடுத்த வாய்ப்பு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் மிகுதி. பொங்கலை ஒட்டி வருபவர்கள் காணும் பொங்கலன்று எந்நிலையிலும் இங்கே வர வேண்டாம். அன்று நகரத்துக் குடும்பங்களோடு சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் மக்கள் கட்டுச்சோற்றுடன் இங்கே திரள்வது நெடுநாள் வழக்கம். அது அவர்களுடைய திருநாள், பார்க்க அழகானதுதான். ஆனால் அந்த நெரிசலில் பிள்ளைகள் கைநழுவிப் போகும் அபாயம் உண்டு, விலங்குகளையும் அமைதியாகப் பார்க்க இயலாது. வார நாளில், வாயில் திறக்கும் நேரத்திலேயே உள்ளே சென்று, வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடுவதே சிறந்தது. நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் முந்தின நாள் மாலையே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டிசம்பர் பிற்பகுதியும் சனவரி, பிப்ரவரி மாதங்களும் இதற்கு மிக ஏற்றவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் காடு முழுவதும் பச்சையாக இருக்கும். கனடா, பிரிட்டன் பள்ளி விடுமுறையில், அதாவது சூலை, ஆகத்து மாதங்களில் வருபவர்கள் பகல் வெப்பத்துக்கு ஆயத்தமாக வர வேண்டும். கத்திரி வெயில் காலத்தில் குளிர்நாட்டில் வளர்ந்த குழந்தைகளை அழைத்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டணம் குறித்து ஒரு முக்கியமான செய்தி. இந்தியாவில் பல தேசியப் பூங்காக்களிலும் நினைவுச் சின்னங்களிலும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் இருப்பதுண்டு. ஆனால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு வழங்கும் அட்டை) வைத்திருப்போர் தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், அருங்காட்சியகம் முதலியவற்றில் இந்தியக் குடிமக்கள் செலுத்தும் அதே கட்டணத்தைச் செலுத்தலாம் என்று உள்துறை அமைச்சகம் 2021 மார்ச் மாதம் வெளியிட்ட அறிவிக்கை கூறுகிறது. ஆகவே உங்கள் அட்டையோடு பிள்ளைகளின் அட்டைகளையும் கையில் வைத்திருங்கள். சீட்டு வழங்கும் சாளரத்தில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் இருந்தால் பணிவோடு எடுத்துச் சொன்னால் போதும். சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் தனித்தனியே சீட்டு வாங்க வேண்டும். உள்ளூர் மக்கள் கைப்பேசியில் பணம் செலுத்திவிட்டுப் போவார்கள். வெளிநாட்டு வங்கி அட்டை எல்லா இடத்திலும் செல்லாது என்பதால் ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் சில வைத்திருப்பது நலம்.

இனி, உள்ளே எதைப் பார்ப்பது என்பதற்கு வருவோம். காடு என்றதும் வானளாவிய மரங்களைக் கற்பனை செய்துகொண்டு வரும் பிள்ளைகளுக்குக் கிண்டி முதலில் வெறும் புதர்க்காடாகத் தோன்றலாம். இது உலர் பசுமைமாறாக் காட்டு வகையைச் சேர்ந்தது. ஆண்டில் பல மாதங்கள் மழையே இல்லாத கடலோரத்தில், மரங்கள் உயரமாக வளராமல், சிறிய தடித்த இலைகளோடும் முட்களோடும் ஈரத்தைக் காத்துக்கொண்டு கோடையிலும் பச்சையாகவே நிற்கின்றன. களா, காரை, சங்கஞ்செடி, விளா, வேம்பு, பனை என்று இங்கே இருப்பவை நம் முந்தைய தலைமுறையினர் அன்றாடம் புழங்கியவை. ஒரு சனவரிக் காலையில் என் அம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். மான்களைக் காட்டத்தான் போனோம். அவரோ வேலிக்கு அப்பால் முள்ளோடு நின்ற ஒரு புதரின் முன் நின்றுவிட்டார். அது களா என்றும், அதன் காயில்தான் தம் ஊரில் ஊறுகாய் போடுவார்கள் என்றும், பால் கையில் பட்டால் பிசுபிசுக்கும் என்றும் பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அரைமணி நேரத்தில் என் மகள் கற்றுக்கொண்ட சொற்களை எந்த வார இறுதித் தமிழ் வகுப்பும் அவளுக்குக் கொடுத்ததில்லை. ஆகவே தாத்தாவோ பாட்டியோ நடக்கக்கூடிய நிலையில் இருந்தால், அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். செடிகளின் பெயர் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

மான்களில் இரண்டு வகையைப் பிள்ளைகள் பிரித்தறியப் பழகலாம். புள்ளிமானின் செம்பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். ஆணின் கொம்பு கிளைவிட்டு வளர்ந்து, உதிர்ந்து, மறுபடியும் முளைக்கும். வெளிமானின் ஆணுக்கு மேலுடல் கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருக்கும். முறுக்கிய அதன் கொம்பு கிளைப்பதும் இல்லை, உதிர்வதும் இல்லை. பெண் வெளிமான் மங்கிய பழுப்பு நிறத்தில் பெரும்பாலும் கொம்பின்றி இருக்கும். சங்கப் புலவர்கள் முல்லை நிலத்தைப் பாடும்போது துள்ளி ஓடவிடும் இரலை இந்த வெளிமானே என்று சொன்னால், தமிழ் படிக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகள் சற்று நின்று பார்க்கிறார்கள். பெயருக்கேற்ப வெளிமான் திறந்த புல்வெளியை நாடும் விலங்கு. தேசியப் பூங்காவுக்குள் போலோ மைதானம் எனப்படும் பழைய புல்வெளி அதன் வாழிடம்; புதர்கள் புல்வெளியை மூடிக்கொண்டே வந்தால் புள்ளிமான் சமாளித்துக்கொள்ளும், வெளிமானால் இயலாது. அடைப்புகளுக்குள் இருப்பவற்றைத் தவிர, சாலையோர வேலிக்கு அப்பால் உலவும் மான்களையும் சில வேளைகளில் காணலாம். பறவைகளில் செண்பகம், வால்காக்கை, பச்சைக்கிளி, மரங்கொத்தி ஆகியவற்றை அதிகம் தேடாமலே பார்த்துவிடலாம். ஆர்வமுள்ளவர்கள் இருநோக்கி (பைனாகுலர்) கொண்டு வரட்டும்.

விலங்குகளுக்கு எதையும் ஊட்ட வேண்டாம் என்பதைக் குழந்தைகளிடம் வாயிலிலேயே சொல்லிவிடுங்கள். அது சட்டப்படியும் குற்றம். உப்புச் சுவையுள்ள தின்பண்ட உறைகளையும் பைகளையும் மான்கள் விழுங்கிவிடுகின்றன. வயிற்றில் நெகிழி சேர்ந்து மான்கள் இறப்பது இந்த வட்டாரத்தில் உண்மையாகவே நடக்கும் துயரம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளுக்கு 2019 சனவரி முதல் தடை இருக்கிறது. உணவைத் தங்குமிடத்திலேயே முடித்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் எவர்சில்வர் புட்டியில் எடுத்து வாருங்கள். திறந்த தின்பண்டத்தைக் கையில் வைத்திருந்தால் குரங்குகள் நெருங்கி வரும். அவை கடித்தாலும் கீறினாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கொசுக்கடிக்கு முழுக்கை உடையும் பூச்சு மருந்தும் தேவை.

பாம்புப் பண்ணையைப் பலர் பயந்தோ நேரமின்றியோ விட்டுவிடுகிறார்கள். சொந்தக் கிராமத்துக்குப் போகவிருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ராமுலஸ் விட்டேக்கர் 1972-இல் தொடங்கிய இந்த இடத்தில், இந்தியாவில் மிகுதியான உயிரிழப்பை உண்டாக்கும் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் நஞ்சில்லாத பாம்புகளையும் அருகருகே பார்த்து வேறுபாட்டை அறியலாம். விளக்க உரை நடக்கும் நேரத்தைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கிராமத்தில் யாருக்கேனும் பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவதோ, உறிஞ்சுவதோ, இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 ஆம்புலன்சை அழைத்து, நஞ்சுமுறி மருந்து கிடைக்கும் அரசு மருத்துவமனைக்கு விரைந்து செல்ல வேண்டும்.

நடந்து களைத்த முதியவர்கள் காந்தி மண்டப வளாகத்தில் அமரலாம். 1956-இல் திறக்கப்பட்ட காந்தி மண்டபத்தின் அருகிலேயே இராசாசி நினைவிடமும், 1975-இல் மறைந்த காமராசரின் நினைவிடமும் இருக்கின்றன. பள்ளியில் மதிய உணவு பெற்றுப் படித்த தலைமுறையைச் சேர்ந்த தாத்தா பாட்டிகள் காமராசர் நினைவிடத்தில் சற்று நேரம் கேட்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

காட்டின் உட்பகுதியைப் பார்க்க விரும்பும் குடும்பங்கள், குறிப்பாக உயிரியலில் நாட்டமுள்ள பதின்ம வயதினர் இருந்தால், வாயிலில் வந்து கேட்பதால் பயனில்லை. ஊருக்கு வர விமானப் பயணச்சீட்டு எடுத்தவுடனே கிண்டி வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்துக்கு, வருவோர் எண்ணிக்கை, நோக்கம், நாள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்துக் கடிதம் எழுதிவிடுங்கள். சென்னையில் இருக்கும் உறவினர் ஒருவர் அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துத் தொடர்ந்து விசாரித்தால் இன்னும் நல்லது.